டூர் போன இடத்தில் சாப்பாடும் ரூமும் மோசமா? யாரிடம், எப்படிப் புகார் கொடுப்பது

ஊர் திரும்பி நாலு நாள் கழித்துக் கொடுக்கும் புகார் பெரும்பாலும் நிற்பதில்லை. பில் தொலைந்திருக்கும், கடையின் பெயரும் சரியாக நினைவிருக்காது. ஆழியாறோ கொடிவேரியோ ஒகேனக்கல்லோ, சேர்க்க வேண்டிய ஆதாரத்தை அங்கேயே சேர்த்துவிட வேண்டும்.

உணவு விற்கும் எல்லோரும், தள்ளுவண்டியில் மீன் வறுப்பவர் உட்பட, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமோ பதிவுச் சான்றோ வாங்கியிருக்க வேண்டும். அதன் 14 இலக்க எண்ணைக் கடையில் பார்வையாக மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் அதையே தனிப் புகாராக எழுதலாம். பில் தராவிட்டால் ஜிபே ரசீதும் பெயர்ப்பலகைப் படமும் கைகொடுக்கும்.

"சுத்தமில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவதற்குள் கடையைக் கழுவி விட்டிருப்பார்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள். பிரிட்ஜில் மசால் தடவிய பச்சைக் கறி மேல்தட்டிலும் வெந்த குழம்பு கீழ்த்தட்டிலும் இருந்தால், பச்சைக் கறியின் தண்ணீர் சொட்டி வெந்த குழம்பும் கெட்டுப்போகும். வெந்தது மேலே, பச்சை கீழே என்பதே முறை. வறுக்கிற எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, நுரை அடங்காமல் நின்றால் அதையும் படம் எடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் சிதைந்து அதில் சேரும் துருவச் சேர்மங்கள் (போலார் காம்பவுண்ட்ஸ்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அலுவலர் கருவியை எண்ணெயில் விட்டு அங்கேயே அளந்துவிடலாம். "மசால் கலருங்க" என்ற சமாதானம் அதனிடம் எடுபடாது.

மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் புகார் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடை, ஊர், மாவட்டம், நாள், நேரம், படங்கள் எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். விசாரிப்பது அந்தந்த மாவட்ட நியமன அலுவலரின் (மாவட்டத்தில் இந்தத் துறையின் பொறுப்பு அதிகாரி) கீழ் உள்ளவர்கள் என்பதால் மாவட்டம் தவறினால் புகார் சுற்றி அலையும். திருமூர்த்திமலை பொள்ளாச்சிக்குப் பக்கம்தானே என்று கோவை என்று போட்டுவிடாதீர்கள். அதுவும் அமராவதி அணையும் திருப்பூர் மாவட்டம். கொடிவேரி, பவானிசாகர் ஈரோடு, கொல்லிமலை நாமக்கல்.

வாந்தி, பேதி என்றால் மருந்துக்கடை மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காட்டி, எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். மீதிப் பார்சலைப் பிரிட்ஜில் வைத்திருந்தாலும் அதை மட்டும் கொண்டு கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. வழக்குக்கான மாதிரியைப் பொதுவாக அலுவலர் கடையில் எடுத்து, நான்கு பங்காக்கி முத்திரை வைக்க வேண்டும். அதனால்தான் அன்றைக்கே புகார் போக வேண்டும். மறுநாள் அந்தச் சட்டியில் ஒன்றும் இருக்காது.

ரூம் விஷயத்தில் வழி வேறு. சாப்பாடு போடும் ஹோம்ஸ்டேவுக்கும் மேலே சொன்ன உணவுப் பதிவு வேண்டும். ஆனால் அழுக்குப் போர்வைக்கும் தண்ணீர் வராத குழாய்க்கும் உணவுத் துறை வராது. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டில் அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வால்பாறையிலோ ஏற்காட்டிலோ ஆளில்லாத பங்களாவை ஹோம்ஸ்டே என்று காட்டினால், என்ன பதிவு இருக்கிறது என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள். விளம்பரப் படங்களை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு மாற்றிவிட முடியும். ரூமுக்குள் பையை வைக்கும் முன் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, புக்கிங் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் மட்டும் பேசினால் கையில் ஆதாரம் நிற்காது.

அங்கே தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கேட்காமலே பில்லில் சேர்த்த சர்வீஸ் சார்ஜுக்கும் இதே எண்தான். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏற்காட்டில் நடந்ததற்கு நீங்கள் கோவையில் குடியிருந்தால் கோவையிலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.