பழைய காரில் வேறு எரிபொருள்: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

பெட்ரோல் போட முள்ளோடை தாண்டுவது கடலூர்க்காரர்களுக்குப் பழக்கம். புதுச்சேரி எல்லைக்குள் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அப்பா காலத்து ஃபியட்டை இன்னும் ஓட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த மிச்சம் காணாது. கேஸ் கிட் மாட்டலாமா, பேட்டரி வண்டியாக்கிவிடலாமா, இந்த எத்தனால் பெட்ரோல் இன்ஜினைத் தின்றுவிடுமா என்ற பேச்சு எந்த மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்தாலும் வரும். விடையில் பாதிதான் மெக்கானிக்கிடம் இருக்கிறது. மீதி ஆர்.சி. புத்தகத்தில்.

எங்கள் வண்டி 1978 பிரீமியர் பத்மினி. புத்தகத்தில் மாவட்டம் ‘தென்னாற்காடு’ என்றுதான் இருக்கிறது. அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது 1993இல்தானே. இந்த ஒரு வண்டியை வைத்தே விதிகளைச் சொல்லிப் போகிறேன். உங்கள் வண்டியின் ஆண்டைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரையும் கேட்காமல் தானாக வந்து சேர்ந்த மாற்று எரிபொருள். பங்கில் இன்று ‘பெட்ரோல்’ என்று ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். இ20 என்ற இந்தக் கலவை 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2030க்கு வைத்திருந்த இலக்கை மத்திய அரசு 2025–26க்கு முன்னே இழுத்ததால் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கிற சாராயம்தான் எத்தனால். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு நம் டேங்குக்குள் வருகிறது என்று நினைத்தால் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருக்கிறது, கார்புரேட்டரைத் திறந்து பார்க்கும்வரை.

இதற்கு அனுமதி வேண்டாம், ஆர்.சி.யில் பதிய வேண்டியதும் இல்லை. ஆனால் பராமரிப்பு முழுக்க உங்கள் தலையில். எத்தனாலில் இருக்கும் சக்தி, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் குழுவின் 2021 அறிக்கையே சொல்கிறது. சோலெக்ஸ் கார்புரேட்டர் வைத்த பத்மினிக்கு அந்த ட்யூனிங்கும் கிடையாது. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். கார்புரேட்டரோ பழைய கணக்கிலேயே காற்றை விடுகிறது. கலவை மெலிந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி திணறும், சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை காபி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருக்கும். மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, ஒரு சைஸ் பெரிதாக்கி மிக்சரைத் திரும்ப வைத்ததில் எங்கள் வண்டி சரியானது.

அதைவிடப் பெரிய தொல்லை ரப்பர். பழைய ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் வகை ஹோஸ் கேட்டு வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் டேங்கின் அடியில் பல வருடம் படிந்த பிசினையும் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். நம் ஊருக்கென்று தனியாக ஒன்று: எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் பாதி டேங்கோடு இரண்டு மாதம் ஷெட்டில் நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்க் துருப்பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்கும். நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

இனி அனுமதி வேண்டிய பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் ஆர்.சி.யில் இருக்கும் விவரம். அதனால் எல்.பி.ஜி.யோ சி.என்.ஜி.யோ (அழுத்திய இயற்கை வாயு) மாட்டினால் அங்கே ‘பெட்ரோல்’ என்றிருப்பது ‘பெட்ரோல், எல்.பி.ஜி.’ என்று மாறியாக வேண்டும். செய்யாவிட்டால், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எந்தக் கிட்டும் ஆகாது. பூனா ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட் போன்ற சோதனை நிலையங்களில் ஒப்புதல் வாங்கிய கிட்டாக இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், உங்கள் இன்ஜின் சி.சி.க்கும் பொருந்த வேண்டும். பத்மினி 1089 சி.சி., பழைய அம்பாசடர் 1489 சி.சி.; பொருந்தும் கிட்டின் ஒப்புதல் சான்றைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். கடலூரானால் அங்குள்ள ஆர்.டி.ஓ., புதுச்சேரியானால் போக்குவரத்துத் துறை அலுவலகம், எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம். மாட்டிய 14 நாளுக்குள் ஆர்.சி.யுடன் கிட் சான்று, டேங்க் சான்று, பொருத்தியவர் தரும் சான்று, புகைச் சான்று எல்லாம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை டிக்கியில் படுக்கவைத்து ஓட்டும் பழக்கம் ஆம்னி காலத்தோடு போய்விட்டது என்று நினைத்தேன். போன வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு பழைய காரில் பார்த்தேன். வாகனங்களில் எல்.பி.ஜி. பயன்படுத்துவதற்கு 2001இல் வந்த தனி ஆணையின்படி அது குற்றம்; வழக்கு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும், வண்டியும் பறிபோகலாம். சட்டத்தை விடுங்கள். வாகன டேங்கில் 80 சதவீதத்தோடு நிரப்புவதை நிறுத்தும் வால்வும், கசிந்த வாயுவைக் காருக்கு வெளியே கொண்டுபோகும் குழாயும் உண்டு. சமையல் சிலிண்டரில் இரண்டும் கிடையாது.

சி.என்.ஜி. சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் வாயுவைத் தாங்குவது; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை கட்டாயம். கனமும் அதிகம். ஐம்பது வயதை நெருங்கும் பத்மினியின் பின்பக்க ஸ்பிரிங்கில் அதை ஏற்ற எனக்கு மனமில்லை.

கேஸில் ஓடும் பழைய இன்ஜினில் வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்பை, கவனிக்க வேண்டும். 2000 பிப்ரவரிக்கு முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அதுதான் வால்வு சீட்டுக்கு மெத்தைபோல இருந்தது. கேஸ் ஈரமே இல்லாத எரிபொருள் என்பதால் தேய்மானம் இன்னும் கூடும். அம்பாசடரின் பழைய இன்ஜினில் சீட்டை வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டியிருப்பார்கள். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் சந்து) வைத்த சில மாதத்திலேயே குறைந்துகொண்டு வந்தால் வால்வு உள்ளே இறங்குகிறது என்று பொருள். ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கெட்டியான சீட் வளையம் பொருத்தச் சொல்லுங்கள். கிட் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் லாபக் கணக்குப் போட வேண்டும். அநேகம் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். மோட்டார் டாரிஃப் என்ற இன்சூரன்ஸ் கட்டண விதிப்படி சொந்தச் சேதத்துக்குக் கிட் விலையில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்புக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியம். இந்தச் சின்னத் தொகைக்குப் பயந்து மறைத்தால், விபத்தன்று கிளெய்ம் நிராகரிக்க அவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பேட்டரி வண்டியாக்கும் ஆசைக்கு விதி சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறது. முழு மின்சாரக் கிட் பொருத்த, வண்டி 1990 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தயாரானதாக இருக்க வேண்டும். 1992 பத்மினிக்குப் பொருந்துகிற கிட் கிடைத்தால் மாட்டலாம். என் 1978க்குக் கதவு சாத்தியாயிற்று. எனக்கு வருத்தமில்லை.

ஐம்பது வயது தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் ‘விண்டேஜ்’ பதிவு என்று தனி விதி வந்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு முடிந்திருக்க வேண்டும்; எங்களுக்கு 2028. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகிறவற்றுக்கு மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேசிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கேஸ் டேங்குக்காக டிக்கித் தரையில் ஓட்டை போட்ட காரை விண்டேஜ் பதிவுக்காகப் பரிசோதிக்கும் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்த எனக்குத் தைரியம் வராது. விண்டேஜ் எண்ணம் இருந்தால் கிட்டை மறந்துவிடுங்கள். இன்னொன்று, இன்சூரன்ஸ் டாரிஃபில் ‘விண்டேஜ்’ என்பது வேறு கணக்கு: 1940 முடிவதற்குள் தயாரானவை மட்டுமே.

ஐம்பது ஆண்டு முடியும்வரை சாதாரண ஆர்.சி.தான். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10,000 ரூபாய், தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடுதல். புகைச் சோதனையில் இந்த வயதுக் காருக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். கேஸ் மாட்டியிருந்தால் இரண்டு எரிபொருளிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் போட்டுத் திரும்பும் வண்டிக்கு ஒன்றுமில்லை. பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண் காரை வாங்கிக் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கடலூரின் டி.என். 31க்கு மாற்றியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி.யில் ஏறாத கேஸ் கிட் அந்தக் காரில் இருந்தால் இங்கே பரிசோதனையில் வண்டி நின்றுவிடும். விலை பேசும்போதே டிக்கியைத் திறந்து, அங்கிருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். பதிந்து கொடுக்கும் பொறுப்பை விற்கிறவரிடமே விடுங்கள்; அவர் பெயரில் இருக்கும்போது முடிக்கிற வேலை அது.