பீட்டா சதவீதம் மட்டும் போதாது, செயின் நிக்குதா படுத்திருக்கான்னு பாருங்க

தின் ஃபில்ம் சாம்பிள்களை அளந்து சொல்றதுதான் என் வேலை. அதுல அடிக்கடி காதுல விழுற கேள்வி, "பீட்டா பீக் சூப்பரா இருக்கு, ஆனா பீசோ சிக்னல் மட்டும் வரவே மாட்டேங்குது, ஏன்?" பீசோன்னா அழுத்தினா மின்சாரம் தர்ற குணம், பீட்டாங்கிறது அந்தக் குணத்துக்கு வேண்டிய கிரிஸ்டல் வகை. அதுவும் வேக்குவம்ல பிவிடிஎஃப்-ஐ (பாலிவினைலிடீன் ஃப்ளோரைடுங்கிற பிளாஸ்டிக்) சூடாக்கி ஆவியாப் படிய வெச்ச ஃபில்ம்னா இந்தக் கேள்வி நிச்சயம் வரும். இதுல நிறைய பேரோட மாசக்கணக்கான உழைப்பு வீணாப் போறதப் பாக்குறேன், அதனால தெரிஞ்சத எழுதிடறேன்.

பிவிடிஎஃப் செயின்ல, அதாவது அதோட நீளமான மூலக்கூறுல, ஒரு கார்பன்ல ரெண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பன்ல ரெண்டு ஃப்ளோரின், இப்படியே மாறி மாறி போகும். பீட்டா கட்டத்துல செயின் நேரா ஜிக்ஜாக்கா இருக்கிறதால ஃப்ளோரின் எல்லாம் ஒரே பக்கம் வந்துடும், ஒரு யூனிட்டுக்கு சுமார் 2 டிபை (டைபோலை அளக்குற அலகு) டைபோல், அதாவது ஒரு பக்கம் பிளஸ் மறுபக்கம் மைனஸ்னு சார்ஜ் பிரிஞ்ச நிலை, கிடைக்கும். ஆல்ஃபாங்கிற இன்னொரு கிரிஸ்டல் வகையில செயின் முறுக்கிக்கிட்டு, பக்கத்து செயினோட டைபோல் எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கிறதால மொத்தமும் கேன்சல் ஆயிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த டைபோல் செயினுக்கு குறுக்காத்தான் இருக்கு, செயின் நீளத்தோட இல்ல, இதத்தான் மறந்துடறாங்க.

செயின் சப்ஸ்ட்ரேட் (ஃபில்ம் படியுற அடித்தகடு) மேல செங்குத்தா நின்னா டைபோல் படுத்துக்கும். மேலயும் கீழயும் எலக்ட்ரோடு வெச்சு எவ்வளவு வோல்டேஜ் குடுத்தாலும் டைபோலால செயின் அச்சைச் சுத்தி மட்டும்தான் திரும்ப முடியும், எழுந்து நிக்க முடியாது. நூறு சதவீதம் பீட்டாவா இருந்தாலும் அந்த ஃபில்ம்ல டி33 (தடிமன் திசையில கிடைக்கிற பீசோ அளவு) எதிர்பாக்க வேண்டாம். செயின் படுத்திருந்தாத்தான் ஃபீல்டு டைபோலைப் புரட்டி மேல் நோக்கி திருப்ப முடியும்.

1969-ல கவாய் பிவிடிஎஃப்ல பீசோ எஃபெக்ட்டக் காட்டினப்போ ஃபில்மை இழுத்து நீட்டி, சூட்டுல ஃபீல்டு குடுத்துத்தான் எடுத்தாரு. சப்ஸ்ட்ரேட்ல ஒட்டிக்கிட்டிருக்கிற நானோமீட்டர் ஃபில்மை இழுக்க முடியாது, அதனால படியுற நேரத்துலயே எல்லாம் முடிவாயிடுது. போதாததுக்கு போட்ல (பிவிடிஎஃப்-ஐ வெச்சு சூடாக்குற சின்னப் பாத்திரம்) சூடு ஏற ஏற செயின் உடைஞ்சு குட்டையாயிடும், குட்டை செயினுக்கு சப்ஸ்ட்ரேட் வெதுவெதுப்பா இருந்து படியுற வேகமும் கம்மியா இருந்தா நகர்ந்து நகர்ந்து எழுந்து நிக்க நேரம் கிடைச்சிடும். சப்ஸ்ட்ரேட்டை நல்லா குளிர வெச்சா விழுந்த இடத்துலயே படுத்துக்கும். 2000-களோட தொடக்கத்துல கியோட்டோல விடிஎஃப் ஒலிகோமரை (இதே யூனிட்கள் கொஞ்சம் மட்டும் சேர்ந்த குட்டை செயின்) வெச்சு நடந்த வேலைகள்ல சப்ஸ்ட்ரேட்டைக் குளிர வெச்சு பீட்டா எடுத்தது இந்த வழியிலதான்.

இப்போ அளவீட்டுக்கு வருவோம், கோளாறு பெரும்பாலும் இங்கதான் நடக்குது. ஐஆர்ல, அதாவது அகச்சிவப்பு ஒளியை ஃபில்ம் எந்த இடத்துல உறிஞ்சுதுன்னு பாக்குற அளவீட்டுல, எல்லாரும் போடுற ஃபார்முலா கிரிகோரியோவும் செஸ்டாரியும் 1994-ல குடுத்தது, 840 செ.மீ⁻¹ பீக்கையும் 763 பக்கத்துல இருக்கிற ஆல்ஃபா பீக்கையும் எடுத்து 1.26 போட்டு பீட்டா பங்கு கணக்கு பண்றது. ஃபில்ம்ல ஆல்ஃபாவும் பீட்டாவும் மட்டும்தான் இருக்கு, செயின்களுக்கு தனியா ஒரு திசைச் சாய்வும் இல்லன்னு வெச்சுக்கிட்டாத்தான் அந்தக் கணக்கு செல்லும். ஆவிப் படிவ ஃபில்ம்ல அந்த ரெண்டாவது நிபந்தனை முதல் நாளே உடைஞ்சிடுது. 840-ங்கிறது டைபோல் திசையில அதிர்ற பீக், டிரான்ஸ்மிஷன்ல, அதாவது ஃபில்மை ஊடுருவிப் போற மாதிரி நேரா லைட் விட்டா ஃபில்ம் தளத்துல இருக்கிற அதிர்வு மட்டும்தான் தெரியும். அப்போ செயின் நின்னு டைபோல் படுத்திருக்கிற ஃபில்ம், அதாவது நமக்கு உதவாத ஃபில்ம், அங்கதான் 840 பெருசா வரும்! நல்லா போல் பண்ணி (ஃபீல்டு குடுத்து திருப்பி) டைபோல் எல்லாம் எழுந்து நிக்கிற ஃபில்ம்ல அதே பீக் சின்னதாயிடும், அதப் பாத்து பீட்டா போயிடுச்சுன்னு நல்ல சாம்பிளை தூக்கிப் போட்டவங்களும் உண்டு. போதாக்குறைக்கு 840 காமாங்கிற மூணாவது கிரிஸ்டல் வகைக்கும் வரும், அதனால 1279 (பீட்டா), 1234 (காமா) ரெண்டையும் சேர்த்துப் பாக்காம எழுதாதீங்க.

எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ்-ரே சிதறல வெச்சு கிரிஸ்டல் அடுக்கைப் பாக்குறது) இதே மாதிரி ஏமாத்தும். சாதாரண தீட்டா-2தீட்டா ஸ்கேன்ல சப்ஸ்ட்ரேட்டுக்கு இணையா இருக்கிற தளங்கள் மட்டும்தான் தெரியும். ஆல்ஃபாவோட 17.7, 18.3, 19.9, பீட்டாவோட 20.6 டிகிரி, இது எல்லாமே செயின் அச்சோட சேர்ந்து ஓடுற தளங்களோட பீக். செயின் நின்னா அந்தத் தளங்களும் நின்னுடும், ஸ்கேன்ல ஒண்ணும் வராது, உடனே "அமார்ஃபஸ்" (கிரிஸ்டலே இல்ல)னு ரிப்போர்ட் எழுதிடறாங்க. கிரேசிங் ஆங்கிள்ல, அதாவது எக்ஸ்-ரேயை ஃபில்மை உரசுற மாதிரி சாய்வா விட்டு, 2டி படம் எடுத்தா அதே ஃபில்ம்ல பக்கவாட்டுல பளிச்சுனு தெரியும். அப்படி எடுத்தாலும் பீட்டாவோட அடுக்கு கிட்டத்தட்ட அறுகோணமா இருக்கிறதால (110), (200)ங்கிற ரெண்டு தளங்களோட பீக்கும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடும், டைபோல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு எக்ஸ்ஆர்டியை மட்டும் வெச்சு சொல்லவே முடியாது.

அதுக்கு வழி, ஒரே ரன்ல தங்கம் பூசின சப்ஸ்ட்ரேட்லயும் டோப் பண்ணாத சிலிக்கான்லயும் ஃபில்ம் படிய வெக்கிறது. மெட்டல் மேல சாய்வா லைட் விட்டு ரிஃப்ளெக்ஷன்ல எடுத்தா தளத்துக்கு செங்குத்தான அதிர்வு மட்டும்தான் தெரியும், சிலிக்கான்ல டிரான்ஸ்மிஷன் எடுத்தா தளத்துக்குள்ள இருக்கிறது. ரிஃப்ளெக்ஷன்ல 840-ம் 1279-ம் காணாம போய் 1400 பக்கத்துல செயின் திசை பீக் ஓங்கி நின்னா உங்க செயின் நிக்குது. ரெண்டு சப்ஸ்ட்ரேட்லயும் வளர்ச்சி வேற வேற மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு, அதனால கிரேசிங் படத்தை ரெண்டுலயும் எடுத்து ஒப்பிட்டுக்கோங்க.

பாதுகாப்பு விஷயமும் சொல்லிடறேன். போட்ல ஒரு மூலை ஓவரா சூடானாலே பிவிடிஎஃப் சிதைஞ்சு ஹைட்ரஜன் ஃப்ளோரைடுங்கிற ஆபத்தான வாயுவை விடும். ஃபில்ம் பழுப்பா வந்தா, ஐஆர்ல 1600-க்கும் 1750-க்கும் நடுவுல புதுசா பீக் வந்தா, சேம்பரைத் திறக்கிறதுக்கு முன்னாடி நல்லா பர்ஜ் பண்ணுங்க (உள்ள இருக்கிற வாயுவை வெளியேத்துங்க), பம்ப் எக்ஸாஸ்ட் ரூமுக்குள்ள வரக்கூடாது, கால்சியம் குளூகோனேட் ஜெல் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். தோல்ல பட்டா உடனே தண்ணில கழுவி ஜெல் தடவிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, வலிக்கலையேன்னு காத்திருக்காதீங்க, வலி சில மணி நேரம் கழிச்சும் வரும்.

அடுத்த தடவை சாம்பிள் அனுப்பும்போது பீட்டா சதவீதத்தோட சப்ஸ்ட்ரேட் வெப்பநிலை, போட் வெப்பநிலை, படியுற வேகம் இது மூணையும் டப்பா மேலயே எழுதி அனுப்புங்க.