மூலக்குறிக்குள் மைனஸ் வந்தால்

"உள்ளே மைனஸ் இருந்தால் விடை கிடையாது." விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் வரி இது. வர்க்கமூலம் படித்த காலத்தில் மனதில் பதிந்தது. கனமூலம் வந்த பிறகும் மாணவர்கள் அதையே பிடித்துக்கொண்டு, −27-இன் கனமூலத்துக்குத் 'தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். விடை −3. பெருக்கிப் பார்த்தாலே தெரியும்: (−3) × (−3) = 9, அப்புறம் 9 × (−3) = −27.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனையாவது மூலம் என்பதை. ஒரு மைனஸ் எண்ணை இரட்டைப்படைத் தடவை பெருக்கினால் மைனஸெல்லாம் ஜோடி ஜோடியாகக் கழிந்துவிடும். ஒற்றைப்படை என்றால் ஒன்று ஜோடியில்லாமல் மிஞ்சும். அதனால்தான் −32-இன் ஐந்தாம் மூலம் −2. −16-இன் நான்காம் மூலத்துக்கோ மெய்யெண்களில் விடை இல்லை. 2 போட்டாலும் −2 போட்டாலும் 16தான் வரும். வர்க்கமூலமான √−16-க்கும் அதே கதிதான். மைனஸ் வெளியே நிற்கும் −√16 வேறு கதை, அது வெறும் −4. அவசரத்தில் √−16, −√16 இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

'மெய்யெண்களில்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். வர்க்கம் −1 ஆகும் 'கற்பனை அலகை'யும் சேர்த்துக்கொள்ளும் கலப்பெண்களுக்குப் போனால் −4-க்கும் வர்க்கமூலம் உண்டு. ஆனால் அங்கே √−4 × √−9 என்பதை √36 என்று சேர்த்து 6 எழுதினால் தப்பு; விடை −6. இரண்டு மூலங்களை ஒரே குறிக்குள் சேர்க்கும் விதி, உள்ளே இரண்டும் மைனஸாக இருக்கும்போது செல்லாது.

கணினியில் சரிபார்க்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைத்தான் நிரல்மொழியில் (−8) ** (1/3) என்று கொடுத்தால் (** என்பது அங்கே அடுக்குக்குறி) −2 வராது. ஏறத்தாழ 1-உம் 1.732 மடங்கு கற்பனை அலகும் சேர்ந்த கலப்பெண் வரும். அது பிழையில்லை. −8-க்குக் கனமூலங்கள் மூன்று, அவற்றில் ஒன்றை அது எடுத்துத் தருகிறது. −8-ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால் −2.0 வரும். உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அது 8-இன் கனமூலத்தை எடுத்து, மைனஸைக் கடைசியில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதே பழக்கத்தில் −4 ** 0.5 என்று தட்டினாலும் −2.0 வரும், √−4-க்கு மெய்யெண் விடை கிடைத்துவிட்டதுபோல் இருக்கும்! கனமூலம்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள சார்பைப் பயன்படுத்துங்கள், பைத்தான் 3.11 முதல் அதன் கணிதத் தொகுப்பிலேயே இருக்கிறது. −8 கொடுத்தால் −2 என்றே சொல்லும்.