சொல்லைப் பிரித்தால் சீர் கெடும்

செய்யுளை ஆராயச் சொன்னால், பலர் உரையைப் பார்த்துச் சுவையை எழுதிவிட்டு யாப்பைக் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். அலகிடுவதுதான், அதாவது அடியைச் சீர்களாகவும் சீரை நேர், நிரை என்னும் அசைகளாகவும் பிரித்துப் பார்ப்பதுதான், முதல் வேலை. அதற்கும் முன்னால், கையிலிருப்பது சீர் பிரித்த பாடமா, பொருளுக்காகச் சொல் பிரித்த பாடமா என்று பாருங்கள்.

66ஆம் குறளைச் சொல் பிரித்து அச்சிட்டால், 'குழல் இனிது யாழ் இனிது என்ப தம் மக்கள்' என முதலடியிலேயே ஏழு துண்டுகள். குறளின் முதலடிக்கு நான்கு சீர்தான். புணர்த்து எழுதினால்:

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்

இங்கேதான் வழுக்கும். தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர்; குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை; பின்னே மெய் வந்தாலும் அப்படியே. குழ/லினி இரண்டும் நிரை; இந்தச் சீரின் பெயர் கருவிளம். நிரையில் முடியும் ஈரசைச் சீரான விளத்தின் பின் நேரசை வரவேண்டும்; தியா/ழினி என்று அலகிட்டால் நிரை வந்து தளை, அதாவது சீர்கள் இணையும் முறை, தட்டும். பாட்டில் பிழையில்லை. 'இனிது' என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) யகரத்தின் முன் குற்றியலிகரமாகித் (குறுகி ஒலிக்கும் இகரமாகி) 'தி' ஆனது. தளை கெடும் இடத்தில் அதை அலகிடாமல் விடுவது மரபு. விட்டால் யா/ழினி, கூவிளம். மற்றவை தென்/பதம் கூவிளம், மக்/கள் தேமா, மழ/லைச்/சொல் புளிமாங்காய், கே/ளா தேமா, ஈற்றில் தவர், மலர். தளை எங்கும் தட்டவில்லை.

எதுகை எளிது: குழல், மழலை, இரண்டிலும் இரண்டாமெழுத்து ழகரம். முதலெழுத்துகள் இரண்டும் குறில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டு, பட்டு எதுகையாகா. ஒன்று நெடில், ஒன்று குறில். அடியிறுதி ஒலி ஒத்தால் அது இயைபு. மோனை (முதலெழுத்து ஒன்றிவருதல்) தேடும்போது சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் இனம் என்பது மறந்துவிடுகிறது.

சுவைக்கு வந்தால், மழலை என்றதும் 'உவகை' என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். அரைகுறை விடை அது. வினைமுற்றான 'என்ப' முன்னே வந்துவிட, எழுவாய் 'கேளாதவர்' கடைசிச் சீர்வரை ஒளிந்திருக்கிறது. குழலையும் யாழையும் புகழ்ந்தவர் யார் என்பது அங்கேதான் உடைகிறது. மெல்லச் சிரிப்பு வருகிறது. தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நிலைக்களன்கள் (அது பிறக்கும் இடங்கள்) எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. மழலையில் இளமை, கேளாதவர்மேல் எள்ளல். உவகை என்று மட்டும் எழுதினால் இந்தக் குத்தல் தவறிப்போகும்.