அப்ரோரில் கர்ஜனை இல்லை

ஆங்கிலத்தில் அமளியைக் குறிக்கும் ‘அப்ரோர்’ என்ற பழைய சொல்லைப் பிரித்துப் பார்ப்பவர்கள், ‘அப்’ என்றால் மேலே, ‘ரோர்’ என்றால் கர்ஜனை, ஆகவே மேலெழும் பேரிரைச்சலே அப்ரோர் என்று எளிதில் முடிவுகட்டிவிடுவார்கள். பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இச்சொல்லின் பிறப்புக்கும் கர்ஜனைக்கும் உறவே இல்லை.

இதன் உறவினர்கள் டச்சு மொழியின் ‘ஓப்ரூர்’, ஜெர்மனின் ‘அவுஃப்ரூர்’ ஆகியவை. இரண்டிலும் ‘ரூர்’ என்ற பகுதிக்கு அசைவு, கிளறல் என்று பொருள். வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, அது இறுகுவதற்குள் கரண்டியால் கிளறி எடுக்கும் பொடிமாஸ் போன்ற பண்டத்தை இன்றும் அவ்விரு மொழியினரும் ‘ரூர்’ என்று தொடங்கும் பெயரால்தான் அழைக்கிறார்கள். அடியில் கிடப்பதைக் கிளறி மேலே கொண்டுவருவது என்ற இப்படிமத்திலிருந்தே கிளர்ச்சி என்ற பொருள் வந்தது. குளத்தையும் கலக்கி, மனத்தையும் கலக்கும் தமிழுக்கு இது புதிதல்ல.

இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது பைபிள் வழியாக. கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் ஜெர்மனில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522-இல் வெளிவந்தது; வில்லியம் டிண்டேல் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சானது. புதிய ஏற்பாட்டின் ஒரு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் 21-ஆம் அதிகாரத்தில், எருசலேமில் பிடிபட்ட அப்போஸ்தலர் பவுலிடம், முன்பு கலகம் செய்து 4,000 பேரை வனாந்தரத்துக்குக் கொண்டுபோன எகிப்தியன் நீதானே என்று ரோமானியப் படைத்தலைவன் கேட்கிறான். லூதர் ‘அவுஃப்ரூர்’ என்று எழுதிய அவ்விடத்தில் டிண்டேல் வைத்த சொல்தான் அப்ரோர். அங்கே அது கூச்சலைக் குறிக்கவில்லை. அரசுக்கு எதிரான கிளர்ச்சியைக் குறித்தது.

பின்னர் நடந்தது காதின் வேலை. சொல்லின் முற்பாதி ஆங்கிலேயருக்குப் பழக்கமானது, பிற்பாதியோ விளங்கவில்லை. அதே ஓசையில் கர்ஜனையைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் ஒன்று தயாராக இருந்தது, கலகம் நடக்கும் இடத்தில் இரைச்சலுக்கும் குறைவில்லை என்பதால், பொருள் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. மொழியியலாளர் இதை நாட்டார் சொற்பிறப்பு என்பர். மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ இதைவிட வேடிக்கையானது: பழைய ஆங்கிலத்தில் அதன் பிற்பாதி, ஆண் எனப் பொருள்படும் ‘குமா’, அச்சொல் வழக்கொழிந்தபின், வேலைக்காரப் பையனைக் குறித்த ‘குரூம்’ அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

அப்ரோரிலிருந்து பிறந்த ‘அப்ரோரியஸ்’ என்ற பெயரடையோ, இன்று பெரும்பாலும் வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்புக்கே அடைமொழியாகிறது.