அம்மைக்கு ஓர்மை இல்லை என்று சொல்லுமுன் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

சென்ற வாரம் குலசேகரத்துக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 74 வயதுத் தாயாரை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர், ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். “அம்மைக்கு ஓர்மையே இல்ல டாக்டர், வயசாச்சுல்லா, இனி இப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ” என்றார். ஓர்மை என்றால் எங்கள் பேச்சில் ஞாபகம். தாயின் மீது மிகுந்த அக்கறை உள்ள பிள்ளை. குடலுக்கு நல்ல பாக்டீரியா தரும் கேப்சூல்களை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். கைபேசியில் தியானச் செயலி ஒன்றை ஏற்றி, காலைதோறும் அம்மாவை அதன் முன் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வீட்டில் யாரும் மருந்துப் பையைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

மருமகள் அந்தப் பையை என் மேசையில் கொட்டினார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், 11 ஆண்டுகளாக. ‘கேஸுக்கு’ ரேபிபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூல், 4 ஆண்டுகளாக. வயிற்றுப் பொருமலுக்கு இரவில் குளோர்டயசிபாக்சைடும் கிளிடினியமும் சேர்ந்த மாத்திரை. சளிக்கென்று குளோர்பெனிரமின். முதலில் எழுதிக் கொடுத்த சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. காலியான அட்டையை மருந்துக்கடையில் காட்டி வாங்குவது மட்டும் தொடர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட பைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா நோயும் அடங்கிவிடுகிறது. நெஞ்செரிச்சலும் கேஸ், மலச்சிக்கலும் கேஸ், தோள்வலியும் கேஸ், தலைசுற்றலும் கேஸ். கேஸ் தலைக்கு ஏறி ஓர்மையை மறைப்பதாகப் படித்தவர்களே என்னிடம் வாதிடுகிறார்கள். குடலில் உண்டாகும் வாயு ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறும். ரத்தத்தில் கலக்கும் சிறு பகுதி நுரையீரல் வழியே மூச்சில் போய்விடும். மூட்டுக்குள் புகுந்துகொள்ளவோ மூளையை மூடவோ அதனால் முடியாது. நீங்கள் கேஸ் மாத்திரை என்று விழுங்குவது வாயுவை அகற்றும் மருந்தும் அல்ல. அதில் உள்ள ரேபிபிரசோல் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. (நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அதையும் கேஸ் என்று ஒதுக்கிவிடாமல் உடனே ஈசிஜி எடுங்கள். இந்தச் சொல்லால் தாமதமாகி வந்த மாரடைப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன்.)

அமிலம் குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வருபவர்களிடம் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறது என்றால், “நாங்க தினமும் சாளையும் நெத்திலியும் தின்னுதோம், எங்களுக்கு எப்படிக் குறையும்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். மீனில் பி12 நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது மீனின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பிணைப்பை அவிழ்க்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்துவிட்டு மீன் தின்றால், மீன் வயிற்றுக்குள் போகும், பி12 ரத்தத்துக்குச் சரியாகப் போகாது. மெட்ஃபார்மினோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும், சிடுசிடுப்பு வரும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் பி12 குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தசோகை வருமுன்பே நரம்புகள் கெடலாம். அந்த அம்மாவுக்கு பி12 ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 142 பிகோகிராம்தான் இருந்தது. 200க்குக் கீழே போனாலே குறைவு. ஊசி தொடங்கியிருக்கிறோம். முன்பே கண்டுபிடித்திருந்தால் ஓர்மை முழுதாகத் திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

லெவோசல்பிரைடு எனக்கு இதைவிடக் கவலை தரும் மருந்து. உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை மூளையில் தடுக்கும் இதை ‘செரிமானத்துக்கு’ என்று மாதக்கணக்கில் தின்ற முதியவர்கள் முகம் இறுகி, கை நடுங்கி, அடியெடுத்து வைக்கவே தயங்கி வருகிறார்கள். வீட்டில் அதற்கும் வயது என்றே பெயர் வைத்திருப்பார்கள். கிளிடினியமும் குளோர்பெனிரமினும் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. அதே தடையால் குடல் அசைவும் மந்தமாகி மலச்சிக்கல் கூடும், அதற்கென்று இன்னொரு மாத்திரை வரும். குளோர்டயசிபாக்சைடு தூக்க மாத்திரையின் இனம். ஆனால் இவற்றில் எதையும் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளோர்டயசிபாக்சைடைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கும் முன்பு குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் அமிலம் குறைக்கும் மருந்து உண்மையிலேயே தேவைப்படும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அந்த மகன் வாங்கிய கேப்சூலுக்கும் தியானத்துக்கும் வருகிறேன். மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்பதைக் காட்டித்தான் கேப்சூல்களை விற்கிறார்கள். அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. மறதிநோய்க்கான (டிமென்ஷியா) காரணங்களில் தடுக்க வழியுள்ள 14ஐ 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை ஆகியவை அதில் உள்ளன, குடல் பாக்டீரியா இல்லை. மனக்கவனப் பயிற்சி என்ற தியான முறையைப் பொறுத்தவரை, மறதிக் கவலை உள்ள 585 முதியவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சியாலோ உடற்பயிற்சியாலோ 6 மாதத்தில் நினைவாற்றல் கூடவில்லை. அதற்காகத் தியானம் வீண் என்று நான் சொல்லவில்லை. பதற்றம் தணியவும், தூக்கம் வரவும், குடல் எரிச்சல் நோயின் வேதனை குறையவும் அது உதவும். பதற்றம் தணிந்தாலே பாதிக் ‘கேஸ்’ அடங்கிவிடும். ஜெபமாலையோ நாமஜெபமோ தொழுகையோ பழகிய பெரியவருக்குத் தெரியாத மொழியில் பேசும் செயலி எதற்கு? பழகியதையே நிதானமாகச் செய்யட்டும். டிவியை அணைத்துவிட்டு, மென்று, பொறுமையாகச் சாப்பிடட்டும், அதுவும் மனக்கவனம்தான்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரண்டு நாளில் ஆளை மாற்றிச் சொல்வதும், பகலில் உறங்கி இரவில் பிதற்றுவதும் மறதிநோய் அல்ல, அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, நாள்கணக்கில் இறுகிக் கிடக்கும் மலம் என ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். பல நேரம் சரிசெய்யக்கூடியதுதான். அவரைப் பேதி மருந்து கொடுத்து வாட்டாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

ஐந்து ஆண்டுக்கு மேல் மெட்ஃபார்மின் எடுப்பவர், இரண்டு ஆண்டுக்கு மேல் அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும் பி12 பாருங்கள். கூடவே தைராய்டும் பாருங்கள். காதையும் கண்ணையும் சோதியுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டுங்கள். காலையில் கொஞ்சதூரம் நடக்க வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வீடியோவில் கூப்பிடும்போது “சாப்பிட்டியளா” என்று கேட்டு முடித்துவிடாமல், மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மையையோ பாட்டாவையோ அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். தலையணைக்கடியில் இருக்கும் தூக்க மாத்திரை, அடுக்களையில் இருக்கும் அரிஷ்டக் குப்பி, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சளி மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.