பச்சைப் புகையிலை நோய்: பச்சை சரி, நோய்தான் இடிக்கிறது

பனி சொட்டச் சொட்டப் புகையிலை ஒடித்து, ஒடித்த இலைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தவருக்குச் சாயங்காலம் குமட்டல் ஆரம்பிக்கிறது. தலை சுற்றுகிறது, முகம் வெளிறிப்போகிறது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி முழுக்க வாந்தி. இத்தனைக்கும் அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

1970இல் அமெரிக்காவின் புளோரிடாவில் புகையிலைத் தொழிலாளர்களிடம் இதைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் முதன்முதலாக எழுதிவைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்று வரும். மூன்று சொற்களில் முதல் இரண்டும் பொருந்துகின்றன. மூன்றாவது இடிக்கிறது.

முதலில் ‘பச்சை’. இங்கே இது நிறமில்லை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சைப்புண் சிவப்பாக இருக்கும். சுடாத பானை பச்சை மண். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. காயாதது, வேகாதது, சுடாதது, ஆறாதது எல்லாமே தமிழில் பச்சைதான். புகையிலையில் இதற்கு எதிர்ச்சொல் ‘பாடம் செய்த இலை’, அதாவது உலர்த்திப் பதப்படுத்தியது. முற்றி மஞ்சள் ஓடிய இலையை ஒடித்தாலும், பாடம் செய்யும்வரை அது பச்சை இலையே. சிலருக்கு இலக்கியச் சுவையோடு ‘பசும்புகையிலை’ என்று எழுத ஆசை வரலாம். வேண்டாம். அதில் கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறம் மட்டும் நிற்கும். ஈரமும் பக்குவமின்மையும் போய்விடும். இந்த விஷயத்தில் ஈரம்தான் முக்கியம்.

‘புகையிலை’ நல்ல ஆக்கம். உலகின் பாதி மொழிகள் ஸ்பானிய ‘தபாக்கோ’வைத் திரித்து வைத்துக்கொண்டிருக்க, தமிழ் புகை, இலை என்ற சொந்தச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தது. மலையாளத்தின் புகயில, தெலுங்கின் பொகாக்கு எல்லாம் இதே கட்டுமானம். ஒரு குறை மட்டும்: புகைத்தால்தான் கெடுதல் என்று பெயரே நம்ப வைத்துவிடுகிறது. வயலில் புகையே இல்லாமல் வேலை நடந்துவிடுகிறது.

வேலை செய்வது இலைக்குள் இருக்கும் நிக்கோட்டின். இது ழான் நிக்கோ என்ற ஆளின் பெயர். லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர், 1560 வாக்கில் புகையிலையை மருந்துச் செடி என்று சொல்லிப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிவைத்தார். பிறகு செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் அந்தச் செடிப் பேரினத்துக்கு நிக்கோட்டியானா என்று பெயரிட்டார். 1828இல் ஜெர்மனியில் போசல்ட், ரைமன் என்ற இருவர் இலையிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தபோது, அதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நிக்கோ ஒரு பிரெஞ்சு அகராதியும் தொகுத்தவர். அது அவர் இறந்த பிறகு 1606இல் வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் சொல் சேர்த்தவர் கடைசியில் ஒரு விஷத்தின் சொல்லாகவே ஆகிப்போனார்! ஆள் பெயரில் பிறந்த சொல் என்பதால் நிக்கோட்டினைத் தமிழாக்க மெனக்கெட வேண்டியதில்லை. பொருள் தெரியவேண்டிய இடத்தில் ‘புகையிலை நஞ்சு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

சரி, ‘நோய்’க்கு வருவோம். பழைய தமிழில் எந்தத் துன்பமும் நோய்தான், காதல் உட்பட. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கிருமி, தொற்று, நாள்பட்ட சிகிச்சை என்றுதான் மனம் ஓடுகிறது. இதில் கிருமி இல்லை, அடுத்தவருக்குத் தொற்றாது, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ‘ஒவ்வாமை’ என்பது அதைவிட மோசம். உன் உடம்புக்குத்தான் ஆகவில்லை என்று பழியைத் தொழிலாளி மேல் போடும் சொல் அது. ‘மயக்கம்’ என்றால் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் விட்டுப்போகின்றன.

‘நஞ்சேற்றம்’ என்பதே என் தேர்வு: பச்சைப் புகையிலை நஞ்சேற்றம். பேச்சில் விஷம் ஏறிவிட்டது என்கிறோமே, அதேதான். ஏறியது என்றதும் எது வழியாக என்ற கேள்வி தானாக வரும். பதில், தோல் வழியாக. நிக்கோட்டின் தண்ணீரில் நன்றாகக் கரையும். இலைமேல் நிற்கும் 100 மில்லி பனிநீரில் 9 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவதோ சுமார் 1 மில்லிகிராம். பனியோ மழைநீரோ சட்டையை நனைக்க, நனைந்த சட்டை தோலோடு ஒட்டிக்கிடக்க, நாள் முழுக்க நஞ்சு ஊறி இறங்குகிறது. வியர்வையும் அதே வேலையைச் செய்யும். கீறலோ வெட்டுக்காயமோ இருந்தால் இன்னும் சுலபம்.

வழி தெரிந்துவிட்டால் அடைப்பது கடினமில்லை. இலைமேல் ஈரம் காய்ந்த பிறகு வயலில் இறங்குவது பாதி வேலையை முடித்துவிடும். நுனி கிள்ளினாலும், பக்கத்தில் துளிர்க்கும் சிம்பு ஒடித்தாலும், இலை பறித்தாலும் நீர் புகாத கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். துணிக் கையுறை நனைந்தால், நஞ்சில் ஊறிய கட்டுப்போட்ட மாதிரிதான். இலைக்கட்டைக் கக்கத்தில் இடுக்காமல் கூடையிலோ வண்டியிலோ வைக்கலாம். நீர் புகாத உடைக்குள் வெயிலில் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு என்பதால் அடிக்கடி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். உடை நனைந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. கையில் கறுப்பாகப் பிசுபிசுவென்று அப்பியிருக்கும் பிசினை வேலை முடிந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாப்பாட்டில் கை வைக்கும் முன்பும் அப்படியே. பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. சின்ன உடம்பில் கொஞ்சம் ஏறினாலே அதிகம்.

அப்புறம், ஏறிவிட்டால்? வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, உடம்பைக் கழுவி, நிழலில் படுத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு திணறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இதை வெயில் மயக்கம் என்றோ பூச்சிமருந்து விஷம் என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது, அறிகுறிகள் அவ்வளவு ஒத்திருக்கும். அதனால் ‘வாந்தி, தலைசுற்றல்’ என்பதோடு நிறுத்தாமல் ‘ஈரப் புகையிலையில் வேலை பார்த்தேன்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.